ஆரையம்பதியிலிருந்து ஸ்காபரோ வரை: நெடும்பயணக் கோளாறுகளைக் குறி பார்த்துத் தீர்க்கும் முறை

சென்ற மார்கழியில், 72 வயதான என் அம்மாவை இலங்கையில் மட்டக்களப்புக்கு அருகிலுள்ள ஆரையம்பதியிலிருந்து கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து அக்கா வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியது வரை ஏறக்குறைய 36 மணித்தியாலங்கள் ஆயின. அவற்றில் விமானத்துக்குள் கழிந்தவை 19 மட்டுமே. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. வழியிலும் போய்ச் சேர்ந்த முதல் நாளிலும் எங்களுக்கு நேர்ந்த கோளாறுகளையும், எங்களுக்கு முன்னும் பின்னும் போய்வந்த உறவினர்கள் சொன்னவற்றையும், குறியிலிருந்து காரணத்துக்குப் போகும் ஒழுங்கில் இங்கே எழுதியிருக்கிறேன்.

நீண்ட காலம் விஞ்ஞான ஆசிரியராக இருந்த பழக்கத்தால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்குமிழ் எரியாதபோது குமிழை மட்டும் மாற்றிப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாறுவார். கம்பி வழியே ஆளி வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பயணக் கோளாறும் அப்படித்தான். குறி விமானத்திலோ அக்கா வீட்டுச் சோபாவிலோ தெரிந்தாலும், அதன் வேர் பெரும்பாலும் அதற்கு முந்திய ஒரு நாளுக்குள், அதாவது விமான நிலையம் வரையான வீதிப் பயணத்திலும் தவறிய நித்திரையிலும் விடைகொடுக்க வந்தவர்கள் ஊட்டிய உணவிலும் கிடக்கிறது.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தலைச்சுற்றும் ஓங்காளமும்

விமானம் ஏறுமுன்பே அம்மா வெளிறிப்போய்க் கதிரையில் சாய்ந்தார். விமானப் பயம் என்று சுற்றி நின்றவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார்? எங்கள் வான் மாலை 4 மணிக்குப் புறப்பட்டு, வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாக நள்ளிரவில் போய்ச் சேர்ந்தது. இருட்டில், யானை கடக்கும் அந்த வீதியில் எங்கே இறங்குவது, எங்கே கழிப்பறை தேடுவது என்ற கூச்சத்தில் அம்மா எட்டு மணித்தியாலமும் வாயை நனைக்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலரிடம் இந்த வழக்கம் உண்டு. அவர்கள் இதை யாரிடமும் சொல்வதுமில்லை.

தீர்வு எளிது. ஜீவனிப் பைக்கற்றை (உடம்பு இழந்த நீரை ஈடுசெய்யும் உப்புக் கலவை) பொதியில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, சிறு சிறு மிடறாக அரை மணித்தியாலத்துக்கு மேல் குடிக்கக் கொடுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் என்றால் அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பயணத்துக்கு முன்பே தீர்ப்பது இன்னும் எளிது: பொலன்னறுவையிலும் குருநாகலிலும் வெளிச்சமான சாப்பாட்டுக் கடைகளில் வானை நிறுத்த வேண்டும் என்று சாரதியிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் முந்தி வந்து நீர்கொழும்பில் தங்குங்கள். ஒரு இரவு அறை வாடகை வீண்செலவு என்று நானும் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வயிறு ஊதி, மூச்சு முட்டுவது போல் இருக்கிறது

விமானம் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பறந்தாலும், அதற்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகமாகப் போனால் 2,400 மீற்றர் உயரத்துக்கு ஒப்பாக இருக்கும்படியே பேணப்படுகிறது. நுவரெலியா நகரத்தைவிட உயரம், பிதுருதலாகலை உச்சியைவிடச் சற்றுக் குறைவு. அந்த அழுத்தத்தில் குடலிலுள்ள வாயு விரியும். காலையில் கடலைக் கறியும் மதியம் பருப்பும் வழியில் சோடாவும் எடுத்தவருக்கு அது நன்றாகவே விரியும். பயண நாளில் இடியப்பமும் சொதியும், அல்லது சோறும் மீனும் போதும். விமானத்தில் இடுப்புப் பட்டியைக் கழற்றாமல் சற்றுத் தளர்த்தி, வெந்நீர் கேட்டுக் குடித்து, எழுந்து நடந்தால் பெரும்பாலும் அடங்கும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவருக்கு உண்மையாகவே மூச்சு முட்டினால் அது வாயுவாக இராது. உடனே பணியாளரை அழையுங்கள்.

இறங்கும்போது காது அடைத்து வலிக்கிறது

இது ஏறும்போதைவிட இறங்கும்போதே அதிகம் வரும். உறங்குபவர் எச்சில் விழுங்குவது குறைவு என்பதால், இறக்கம் அறிவிக்கப்பட்டதும் அவரை எழுப்பிவிட வேண்டும். மெல்லுவதற்கு ஏதாவது கொடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக, மெதுவாக மட்டும், காற்றை ஊதச் சொல்லுங்கள். தடிமன் இருப்பவர் மூக்கடைப்பு மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. அவற்றுள் சில பிரஷரை ஏற்றக்கூடியவை.

கால் வீங்கிவிட்டது

“மகள், கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிட்டு” என்று அம்மா அத்திலாந்திக் கடலுக்கு மேல் வைத்துச் சொன்னார். இங்கே முதலில் பார்க்க வேண்டியது அந்த ‘ரெண்டும்’ என்ற சொல்லைத்தான். இரண்டு கணுக்காலும் ஒரே அளவில், வலியில்லாமல், விரலால் அழுத்தினால் குழி விழும்படி வீங்கினால், அது காலைத் தொங்கவிட்டு அசையாமல் இருந்ததன் விளைவு. கீழே இறங்கி நடந்து, இரவில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்தால் ஓரிரு நாளில் வற்றும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாகி, சிவந்து, தொட்டால் வலித்தால் அது வேறு சங்கதி. நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் நெஞ்சு வலியும் திடீர் மூச்சுத்திணறலும் வரும். அப்போது வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் அவசர இலக்கத்தை அழைக்க வேண்டும்.

நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்றும், அப்படியிருந்தும் ஆரோக்கியமானவர்களில் அது 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. ஆகவே பீதி வேண்டாம்; ஆனால் கால் மேல் கால் போட்டு உறங்கவும் வேண்டாம். ஆபத்து விமானத்தை விட்டு இறங்கியதோடு முடிவதில்லை, சில வாரங்களுக்கு நீடிக்கும் என்பதால் போய்ச் சேர்ந்த வீட்டாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நடைபாதைப் பக்க ஆசனத்தைக் கேட்டுப் பெறுவதும், சேலைக்குப் பதில் தளர்ந்த உடுப்பு அணிவதும், மணிக்கு ஒரு முறை குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துவதும் போதுமான காவல். அழுத்தக் காலுறையை வைத்தியரிடம் அளவு கேட்ட பிறகே வாங்குங்கள்.

நடுக்கம், குளிர் வியர்வை, பதிலில் தடுமாற்றம்

எங்கள் பயணத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது இதுதான். டுபாயில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தபோது அம்மாவின் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் வந்தது. நடந்தது இதுதான்: அம்மாவின் கைக்கடிகாரம் இன்னும் ஆரையம்பதி நேரத்தில் இருந்தது. அதில் காலை 7 மணி ஆனதும், வீட்டில் போலவே, சீனிக் குளிசையை விழுங்கிவிட்டார். முதல் விமானத்தில் உணவு வந்தபோதோ அவர் நல்ல நித்திரை; எழுப்ப மனமில்லாமல் தட்டைத் திருப்பி அனுப்பியவள் நான். குளிசை உள்ளே போயிற்று, உணவு போகவில்லை; இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிட்டது.

செய்ய வேண்டியது: இரத்தச் சீனி அளவு மானி கையில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அதற்காகக் காத்திராதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்தோ அல்லது அரைக் குவளைப் பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் பாணோ பிஸ்கற்றோ சாப்பிடச் செய்யுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உதவியை அழையுங்கள்.

வராமல் தடுப்பதற்கு, குளிசையைக் கடிகாரத்தோடு பிணைக்காமல் உணவுத் தட்டோடு பிணைக்க வேண்டும். மேற்கே போகும்போது நாள் ஏறக்குறைய பத்து மணித்தியாலம் கூடுதலாக நீளுகிறது. இன்சுலின் ஏற்றுபவருக்கு அந்த நீண்ட நாளில் எத்தனை முறை, எவ்வளவு என்பதைக் கிளினிக் வைத்தியர் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதை நானோ நீங்களோ ஊகிக்கக் கூடாது. இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கறையில் அது உறைந்து கெடக்கூடும், பெட்டி தவறினால் மருந்தும் தவறும். நம் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் ஈர மண்பானையில் வைக்கும் அதே அறிவை இங்கும் பயன்படுத்துங்கள்: குளிர்ச்சி வேண்டும், பனிக்கட்டியோடு நேரடித் தொடுகை வேண்டாம்.

இதோடு தொடர்புள்ள ஒரு போலிக் கோளாறும் உண்டு. அக்கா வீட்டு மானியில் பரிசோதித்தபோது 7 என்று காட்டியது. “புள்ள, ஏழு எண்டு காட்டுது, நான் போகப் போறேன்” என்று அம்மா கட்டிலில் சாய்ந்துவிட்டார். கனடாவில் மானிகள் வேறு அலகில் காட்டுகின்றன. அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் வரும். 7 என்பது 126. பயப்பட வேண்டிய எல்லை அங்கே 4 க்குக் கீழே, நம் கணக்கில் ஏறக்குறைய 70.

இடைத்தங்கலில் நடக்க முடியவில்லை, வாயில் தெரியவில்லை

சக்கர நாற்காலியை விமானச் சீட்டு எடுக்கும்போதே, பிந்தினால் பயணத்துக்கு 48 மணித்தியாலங்களுக்கு முன்பாவது கேட்டுப் பதிய வேண்டும். “நான் என்ன நடக்க ஏலாதவளா?” என்று அம்மா கோபித்துக்கொண்டார். நாற்காலி நடக்க முடியாதவருக்கு மட்டுமல்ல. ஆங்கில அறிவித்தலை விளங்கிக்கொண்டு ஓட முடியாதவருக்கும் அதுவே வழிகாட்டி என்று சொன்ன பிறகு இணங்கினார். தனியாக வரும் பெற்றோரின் கழுத்தில், பெயர், அடுத்த விமான இலக்கம், பிள்ளையின் தொலைபேசி இலக்கம், மொழி தமிழ் என்ற குறிப்பு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.

குடிவரவு அதிகாரி நிறுத்திவைத்தார். சுங்கத்தில் மருந்தையும் உணவையும் கேட்கிறார்கள்

எங்கள் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் குளிசைகள் சிறு கடதாசி உறைகளில், கையெழுத்தில் பெயர் எழுதித் தரப்படும். வீட்டில் அது போதும். வெளிநாட்டுச் சுங்க அதிகாரிக்கு அது பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை. மருந்தகத்தில் அச்சிட்ட பெயருள்ள அட்டைகளாக வாங்கி, அதோடு வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தையும் கிளினிக் கொப்பியின் பிரதியையும் வையுங்கள். கனடாவுக்குச் சொந்தப் பாவனைக்கென 90 நாளுக்கான மருந்தைக் கொண்டுபோகலாம். கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும், ஏனெனில் அங்கே சில பெயர்கள் மாறும்: நம் கிளிபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட், நம் பரசிற்றமோல் அங்கே அசெற்றமினோபின். தலைவலிக்குப் பனடோல் போட்டுவிட்டு, போதவில்லை என்று மகள் கொடுத்த ரைலனோலையும் போடுபவர் ஒரே மருந்தை இரண்டு முறை போடுகிறார்.

உணவில் ஒரே விதி: உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லாமல் பிடிபட்டால் 1,300 டொலர் வரை தண்டம் உண்டு. கருவாடு மீன் வகை என்பதால் சொந்தப் பாவனைக்கு அனுமதிக்கப்படுகிறது. வாசனை வெளியே வராமல் காற்றகற்றிக் கட்டுங்கள். இறைச்சியும் எருமைத் தயிரும் வேண்டாம். மண்ணோடு எந்தச் செடிக்கன்றும் வேண்டாம், மண்ணுக்கே அங்கு தடை. திருநீற்றைப் பெயர் இல்லாத பொலித்தீன் பையில் கட்டாமல், கடையில் வாங்கிய மூடிய பைக்கற்றாகக் கொண்டுபோவது அனைவருக்கும் நேரத்தை மிச்சமாக்கும்.

அதிகாரி கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: யாரிடம், எவ்வளவு காலம், எப்போது திரும்புவீர்கள். அழைப்புக் கடிதம், திரும்பும் சீட்டு, காப்புறுதிப் பத்திரம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். சாதாரண வருகையாளருக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு வருகைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம், அதற்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டில் அதிகாரி திகதி எழுதினால் அந்தத் திகதியே செல்லும்.

பெட்டி வரவில்லை

விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி, அதன் இலக்கத்தைப் பெறுங்கள். மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டியில் ஒட்டிய துண்டின் மறுபாதியை எறிந்துவிடாதீர்கள். எங்கள் இரண்டு பெட்டிகளில் ஒன்று இரண்டு நாள் பிந்தியது. அம்மாவின் கம்பளி உடுப்பெல்லாம் அதற்குள். ஒரு தடித்த மேலங்கியும் காலுறையும் தொப்பியும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பதை அன்று, மார்கழிக் காற்றில் வாகனத் தரிப்பிடம் வரை நடந்தபோது கற்றுக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு விழுந்து உறங்கி, நள்ளிரவு தாண்டியதும் விழிக்கிறார்

நாங்கள் அக்கா வீட்டை அடைந்தது மாலை 5.30. இருட்டிவிட்டிருந்தது, அங்கு மார்கழியில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. உள்ளே இருபது பேர், பிரியாணி, கோழிப் பொரியல், வட்டிலப்பம். அத்தான் ஆசையோடு செய்த ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அம்மாவின் உடம்புக்கு அப்போது அதிகாலை 4 மணி. அந்த நேரத்தில் எழுப்பிப் பிரியாணி கொடுத்தால் எந்த வயிறும் மறுக்கும். இரண்டு கவளம் உண்டு, சத்தி எடுத்து, சோபாவிலேயே உறங்கிப்போனார். இரவு 1 மணிக்கு எழுந்து, ஊரில் மதியச் சமையல் நேரமான அந்த வேளையில், அடுப்படியில் பாத்திரம் தேடினார்.

உணவு கெட்டதென்று அக்காவும், கண்ணூறு என்று உறவினரும் காரணம் தேடினார்கள். நேர வித்தியாசமே காரணம்: குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம், பங்குனி (மார்ச்) நடுப்பகுதி முதல் கார்த்திகை (நவம்பர்) தொடக்கம் வரை ஒன்பதரை. உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலமே நகரும். ஆகவே ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

விரைவுபடுத்துவதில் முதன்மையானது வெளிச்சம். மேற்கே வந்தவருக்கு முதல் நாட்களில் நண்பகலுக்குப் பிந்திய வெளிச்சம் கடிகாரத்தைச் சரியான பக்கம் தள்ளுகிறது. ஆகவே மதியம் தாண்டியதும் ஒரு மணித்தியாலம் வெளியே நடக்க வையுங்கள், பனியாக இருந்தால் யன்னலோரத்தில் இருத்துங்கள். களைப்புத் தாங்காவிட்டால், மாலைக்கு முன், மணி வைத்து, 40 நிமிடம் உறங்கட்டும். இரவு 8 மணி வரை எப்படியாவது விழித்திருக்கட்டும். நள்ளிரவில் எழுந்துவிட்டால் விளக்கைப் பளிச்சென்று போடாமல், தொலைபேசித் திரையைத் தவிர்த்து, மங்கலான வெளிச்சத்தில் பிஸ்கற்றும் வெந்நீரும் கொடுத்து மீண்டும் படுக்க விடுங்கள். முதல் நாள் இரவுக்குக் கஞ்சியோ இடியப்பமோ போதும். விருந்தை நான்காம் நாளுக்குத் தள்ளிவைக்கும்படி மகளிடம் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் அனுபவத்தில் இதுவே சொல்வதற்கு மிகக் கடினமான வாக்கியம்.

மூக்கில் இரத்தம், தொண்டை வறட்சி

தடிமன் என்று எண்ணிக் கொத்தமல்லி அவிக்கத் தொடங்குவார்கள், அதனால் தீங்கில்லை. விமானத்துக்குள் ஈரப்பதன் 20 வீதத்துக்கும் குறைவு, குளிர்கால வீட்டில் சூடாக்கி ஊதும் காற்றும் வறண்டது. வாவிக் கரையில் வாழ்ந்த மூக்குக்கு இரண்டும் பழக்கமில்லை. உப்புநீர்த் துளியும், அறையில் ஈரப்பதனூட்டியும் போதும். இரத்தம் வந்தால் தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். அம்மா வழமைபோல் தலையைப் பின்னால் சாய்த்தார், அது பிழை.

கொண்டுபோன கருவி வேலை செய்யவில்லை

இலங்கையில் 230 வோல்ற்று, கனடாவில் 120. தொலைபேசி மின்னேற்றியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் செருகியை மாற்றும் துண்டு மட்டும் போதும். ஊரில் வாங்கிய நெபுலைசரும் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலும் அங்கே சரிவர இயங்கா. அவற்றைத் தூக்கிச் செல்லாதீர்கள். மூச்சுத்திணறல் உள்ளவர் மருந்தை உள்ளிழுக்கும் கைப்பம்ப் (இன்ஹேலர்) கொண்டுபோகட்டும்.

யாரை அழைப்பது

உயிராபத்து என்றால் 911. காய்ச்சலோ வயிற்றோட்டமோ, வைத்தியசாலைக்குப் போக வேண்டுமா என்ற ஐயமோ இருந்தால், ஒன்ராறியோவில் 811 ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம். வருகையாளருக்கு அந்த மாகாண மருத்துவக் காப்புறுதி இல்லை. ஆகவே காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். நம் அம்புலன்ஸ் இலக்கமான 1990 அங்கே வேலை செய்யாது என்பதைப் பெரியவர்களிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

இரவு முழுவதும் தொலைபேசி அலறுகிறது

ஊரிலுள்ள சித்திமாரும் மாமிமாரும் மதியச் சமையலை முடித்து, ஓய்வாக, “போய்ச் சேர்ந்தாயா?” என்று கேட்க எடுப்பது அங்கே நள்ளிரவுக்குப் பின். இரண்டாம் இரவும் அம்மாவின் நித்திரை குழம்பியதற்கு இதுவே காரணம் என்று மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தோம். அம்மாவின் தொலைபேசியை இரவில் ஒலியடக்கி அக்காவின் அறையில் வைத்தோம். ஊருக்கு ஒரே குரற்பதிவு அனுப்பினோம்: மாலை 6 மணிக்குப் பிறகு எடுங்கள், அப்போது இங்கே காலை ஏழரை, அம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.